கம்பெனி தேய்கிறது, நான் என்ன செய்ய?

கேள்வி:

ஐயா, வணக்கம். எனக்கு வயது 46. சிங்கப்பூரர். ஒரு பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்தில் டிரான்ஸ்மிஷன் பிரிவில் (நிலையங்களுக்கு இடையே சிக்னல் கொண்டுசெல்லும் இணைப்புகளைப் பார்க்கும் பிரிவு) 19 ஆண்டுகளாகப் பொறியாளர். சம்பளம் 6,200 வெள்ளி. நான் சேர்ந்த காலத்தில் கம்பெனி பெயரைச் சொன்னால் பெண் வீட்டார் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள். இப்போது ஆண்டுக்கு ஒரு ‘சீரமைப்பு’. போகிறவர்களுக்குப் பதில் ஆள் எடுப்பதில்லை. 11 பேர் பார்த்த வேலையை 6 பேர் பார்க்கிறோம். ஊழியர்கள் எல்லாரையும் கூட்டி நடத்தும் டவுன்ஹால் கூட்டத்தில் மட்டும் எல்லாம் ஓகோவென்று இருக்கிறது. போதாததற்கு, என் வேலையை ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறார் மேலாளர். எனக்கான குழியை நானே வெட்டவா? ராஜினாமாக் கடிதம் எழுதி லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். “பொறு, பேக்கேஜ் வரும்” என்கிறார்கள் நண்பர்கள். இந்த வயதில் வெளியே யார் வேலை தருவார்கள்? இரவில் தூக்கமில்லை. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. எங்கள் குழுவில் எஸ் பாஸில் (வெளிநாட்டு ஊழியருக்கான ஒரு வேலை அனுமதி) ஒரு தம்பி இருக்கிறார். அவருக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

ஈசூன் வாசகர்

பதில்:

அந்தக் கடிதம் லேப்டாப்பிலேயே இருக்கட்டும். வேறு வேலைக்கான நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு தேதியை மாற்றி அனுப்பிக்கொள்ளலாம். அதற்கு முன் அனுப்பினால் 19 ஆண்டு சேவைக்கு வரக்கூடிய ஆட்குறைப்பு இழப்பீட்டை நீங்களே தள்ளிவிடுகிறீர்கள், கம்பெனியின் குழு மருத்துவக் காப்புறுதியும் கடைசி நாளோடு போய்விடும். கோபத்துக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்வதையும் அப்படியே ஏற்காதீர்கள். ‘பேக்கேஜ் வரும்’ என்பதை நம்பியே பலர் ஐந்தாறு ஆண்டுகளை உட்கார்ந்து கழித்துவிடுகிறார்கள். போவதா இருப்பதா என்ற முடிவைக் கணக்குப் போட்டு எடுக்கலாம். முதலில், கம்பெனி எந்த இடத்தில் தேய்கிறது என்று பார்ப்போம்.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் முன்பு சம்பாதித்தது வெளிநாட்டு அழைப்பிலும் எஸ்எம்எஸ்ஸிலும் ரோமிங்கிலும்தான். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் பேச காலிங் கார்டு வாங்க நின்ற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் பணம் முழுக்க வாட்ஸ்அப்போடு போயிற்று. 2000 ஏப்ரலில் சந்தை முழுமையாகத் திறக்கப்பட்டது. 2008இல் எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறும் வசதி வந்தது. பிறகு நான்காவது நிறுவனம், சொந்தக் கட்டமைப்பு இல்லாமல் சேவை விற்கும் சிறு நிறுவனங்கள், பத்து வெள்ளி சிம் திட்டங்கள். இவ்வளவு சின்னத் தீவில் இத்தனை பேர் ஒரே பொருளை விற்கிறார்கள். டேட்டா பயன்பாடு ஏறிக்கொண்டே போகிறது, ஒரு ஜிபிக்குக் கிடைக்கும் காசு இறங்கிக்கொண்டே வருகிறது, நடுவில் 5ஜிக்குக் கொட்டிய முதலீடு நிற்கிறது. 2025 ஆகஸ்ட்டில் எம்1 நிறுவனத்தின் தொலைத்தொடர்புத் தொழிலைப் போட்டி நிறுவனமான சிம்பாவுக்கு விற்கப்போவதாக அதன் பெரும்பங்கு உரிமையாளர் கெப்பல் அறிவித்ததும் இந்த நெருக்கடியின் தொடர்ச்சிதான். உங்கள் மேலாளரோ அவருடைய மேலாளரோ கெட்டிக்காரர்களாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நினைக்க வேண்டாம். அவர்கள் மேல் இருக்கும் கோபத்தில் பாதியை இங்கேயே விட்டுவிடலாம்.

இந்த மாதிரி நிறுவனங்கள் ஒரே நாளில் சாவதில்லை. இந்தியாவில் பிஎஸ்என்எல் 2019 நவம்பரில் விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவித்து, சுமார் 78,000 பேர் 2020 ஜனவரி 31ஆம் தேதி ஒன்றாக வெளியேறினார்கள். அரசாங்கம் பின்னால் நின்றதால் அப்படிச் செய்ய முடிந்தது. தனியார் நிறுவனம் துண்டு துண்டாகத்தான் சுருங்கும். முதலில் பயிற்சிச் செலவு நிற்கும். அடுத்து, காலியான இடங்கள் காலியாகவே கிடக்கும். பிறகு உதிரி பாகம். புதிதாக வாங்காமல், மூடிய நிலையத்தில் கழற்றிய கார்டைக் கொண்டுவந்து செருகச் சொல்வார்கள். உற்பத்தியாளர் ‘கடைசிக் கொள்முதல்’ அறிவிப்பு அனுப்பியும் மேலிடம் ஆர்டர் போடவில்லை என்றால் அந்தச் சாதனத்தோடு சேர்ந்த வேலைகளுக்கும் தேதி குறித்தாயிற்று என்று பொருள். கடைசியில் கோபுரம், ஃபைபர், டேட்டா சென்டர் என்று சொத்துகளைப் பிரித்து விற்பார்கள். உங்கள் பிரிவு இதில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துச் சொல்லிவிடலாம், டவுன்ஹால் தேவையில்லை.

டிரான்ஸ்மிஷன் பிரிவையே எடுத்துக்கொண்டால், அதற்குள் இரண்டு கூறு உண்டு. பழைய தலைமுறைத் தொழில்நுட்பமான எஸ்டிஹெச் வளையங்களும் இ1 குத்தகை இணைப்புகளும் முடிந்த கதை. இங்கே 2ஜி 2017லும் 3ஜி 2024லும் மூடப்பட்ட பிறகு அவற்றுக்கான தேவையும் சேர்ந்து போய்விட்டது. ஒரே ஒளியிழையில் பல அலைநீளங்களை அனுப்பும் டிடபிள்யூடிஎம்மும் ஃபைபரும் அப்படியல்ல, அவற்றை விட்டால் யாருக்கும் வழியில்லை. நீங்கள் வாரத்தில் எத்தனை மணி நேரம் எந்தக் கூறில் செலவழிக்கிறீர்கள் என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் பழைய பக்கம் போகிறதென்றால், உள்ளுக்குள்ளேயே அடுத்த பக்கம் மாறக் கேட்பதுதான் முதல் வேலை, வெளியே விண்ணப்பிப்பது அதற்குப் பிறகு. மாற்றம் கேட்கும் மின்னஞ்சலில் குறை சொல்லாதீர்கள். இன்ன வேலை இன்ன மாதம் முடிகிறது, அடுத்து இதை எடுத்துக்கொள்கிறேன் என்று இரண்டு வரி போதும்.

இனி பணம். சிங்கப்பூரில் ஆட்குறைப்பு இழப்பீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். உங்கள் நியமனக் கடிதத்திலோ தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தத்திலோ எழுதியிருந்தால்தான் அது உரிமை. இல்லாவிட்டால் பேச்சுவார்த்தை. இரண்டு ஆண்டு சேவை முடித்தவர்களுக்கு, சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது வழக்கம் என்கிறது அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வெளியிட்ட முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு. சங்கம் உள்ள இடங்களில் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு மாதம் என்று இருப்பதே வழக்கம். உங்கள் கணக்கில் 19 ஆண்டுக்கு, இரண்டு வாரம் என்றால் ஏறத்தாழ 54,000 வெள்ளி, ஒரு மாதம் என்றால் 117,800 வெள்ளி. இடைவெளியைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் ‘சம்பளம்’ என்பது அடிப்படைச் சம்பளமா படிகள் சேர்ந்ததா, ஆண்டுகளுக்கு உச்சவரம்பு உண்டா என்பதையும் தேடிப் படியுங்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டோடு நிறுத்திவிடும் ஒப்பந்தங்களும் உண்டு.

அந்தத் தொகையை அடுத்த இரண்டு ஆண்டில் உங்கள் பிரிவில் ஆட்குறைப்பு வரும் வாய்ப்பால் பெருக்குங்கள். பத்துக்கு மூன்று என்று நினைத்தால் 117,800க்கு சுமார் 35,000, 54,000க்கு சுமார் 16,000. ‘மூன்று’ என்பது உதாரணம்தான், உங்கள் பிரிவைப் பார்த்து நீங்களே போட வேண்டும். காத்திருப்பதன் உண்மையான மதிப்பு அவ்வளவுதான். வெளியே கிடைக்கும் வேலை மாதம் 700 வெள்ளி அதிகமாகக் கொடுத்தால் 16,000ஐ இரண்டே ஆண்டில் ஈடுகட்டிவிடும். சம்பளம் அதேதான், ஆனால் தொழில் வளரும் இடம் என்றாலும் நான் போகத்தான் சொல்வேன். ஒப்பந்தத்தில் ஒரு மாதம் என்று தெளிவாக எழுதியிருந்து, ஒழுங்குமுறையும் சங்கமும் உள்ள கம்பெனி என்றால் மட்டும் ஓராண்டு பொறுத்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. எழுதாத பேக்கேஜுக்குக் காத்திருக்காதீர்கள். கனடாவின் தொலைத்தொடர்புச் சாதன நிறுவனமான நார்டெல் 2009 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டபோது, அதற்குச் சற்று முன் வேலையிழந்தவர்களுக்கு வர வேண்டிய இழப்பீடே நின்றுபோனது. கம்பெனி பங்குகளில் சேமிப்பைப் போட்டு வைத்திருந்தால் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். சம்பளமும் சேமிப்பும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.

வீட்டுக் கடனை மறந்துவிட வேண்டாம். 46 வயதில் 6,200 வெள்ளிச் சம்பளத்துக்கு மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கில் மாதம் சுமார் 1,178 வெள்ளி சேர்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தவணை அதிலிருந்தே போகிறதென்றால், வேலை நின்ற மாதமே வரவும் நின்றுவிடும். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு சேம நிதிப் பங்களிப்பு கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. கணக்கில் இருக்கும் தொகையை மாதத் தவணையால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று வந்துவிடும். பன்னிரண்டுக்குக் கீழே வந்தால் ரொக்கச் சேமிப்பை ஆறு மாதச் செலவு அளவுக்காவது உயர்த்திக்கொண்டு பிறகு மற்றதைப் பேசுங்கள். மருத்துவத்துக்கு அரசாங்கத்தின் அடிப்படைக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் எப்போதும் இருக்கும். ஆனால் கம்பெனிக் காப்புறுதி இருக்கிறதே என்று சொந்த ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டத்தை விட்டிருந்தால், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ பதிவாகும் முன் வாங்கிவிடுங்கள்.

இப்போது அந்தக் கற்றுக்கொடுக்கும் வேலை. மறுக்காதீர்கள். நியாயமான உத்தரவை மறுத்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள், நடத்தைக் கேடு என்று அனுப்பினால் இழப்பீட்டுப் பேச்சே வராது. ஆனால் வாய்மொழியாகவும் செய்யாதீர்கள். மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தெந்த வேலைகள் கைமாறுகின்றன, யாருக்கு, எந்தத் தேதிக்குள், அதன் பிறகு என் பொறுப்பு என்ன? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். நான்காவதற்குப் பதில் வராவிட்டால் அதுவே பதில். கைமாற்றக் காலம் முழுவதும் இருந்து முடித்துக்கொடுப்பவருக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு, கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கைமாற்றம் பாதியில் நிற்கும்போது கேட்டால் உங்கள் கை ஓங்கியிருக்கும், முடிந்த பிறகு கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. ‘நீங்களும் அந்த ஒப்பந்த நிறுவனத்துக்கே வந்துவிடுங்கள், இங்கே ராஜினாமா கொடுத்துவிட்டு அங்கே சேரலாம்’ என்று நயமாகச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் 19 ஆண்டுச் சேவை அன்றோடு பூஜ்யம். தொழிலோ அதன் ஒரு பகுதியோ இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டால், ஊழியர்கள் அதே நிபந்தனைகளோடும் சேவைத் தொடர்ச்சியோடும் மாற வேண்டும் என்கிறது வேலை நியமனச் சட்டத்தின் 18ஏ பிரிவு. 2019 ஏப்ரலிலிருந்து நிர்வாகிகளும் பொறியாளர்களும் எல்லாரும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். “இது 18ஏ மாற்றமா, ராஜினாமாவா?” என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். வெறும் சேவை ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் அந்தப் பிரிவு பொருந்தாதுதான். ஆனாலும் கேள்வி கேட்டவரிடம் யாரும் ராஜினாமாத் தாளை அவசரமாக நீட்டுவதில்லை.

சுருங்கும் நிறுவனங்களில் இன்னொன்றும் நடக்கும். இழப்பீடு கொடுக்காமல் ஆளைக் குறைக்க, இத்தனை ஆண்டும் ‘நன்று’ வாங்கியவருக்குத் திடீரென்று ‘செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்’ வரும். வந்தால் பயப்படாமல், எந்த அளவுகோல், யார் அளப்பார், எந்தத் தேதி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் பேசியதைச் சுருக்கி மின்னஞ்சல் அனுப்புங்கள். பழைய மதிப்பீட்டுப் படிவங்களும் சம்பளச் சீட்டுகளும் உங்களுடைய ஆவணங்கள், அவற்றின் பிரதிகளை வீட்டில் வையுங்கள். நெட்வொர்க் வரைபடம், வாடிக்கையாளர் பட்டியல், கான்ஃபிகரேஷன் கோப்பு ஆகியவற்றை மட்டும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். நல்ல பேக்கேஜோடு போக வேண்டியவர் தரவுக் கசிவு விசாரணையில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். கம்பெனி சாட்டில் புலம்புவதும் வேண்டாம், அது யாருடைய சர்வரில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்த நாள் வந்தேவிட்டால்: சின்ன அறை, மேலாளர், மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர், மேசையில் ஓர் உறை. பேச்சு பெரும்பாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். உறையைப் பிரித்ததும் தலைப்பைப் பாருங்கள். ‘ஆட்குறைப்பு’ என்று இருக்கிறதா, ‘பரஸ்பர ஒப்புதலோடு விலகல்’ என்றா, ‘ராஜினாமாவை ஏற்றல்’ என்றா? சீரமைப்பால் வேலை இல்லாமல் போனால் அது ஆட்குறைப்புதான், அதற்கு வேறு பெயர் வைக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். குறைந்தது பத்துப் பேர் உள்ள நிறுவனம் ஆட்குறைப்பைத் தெரிவித்த ஐந்து வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். பெயரை மாற்றும் ஆசை சிலருக்கு அங்கிருந்துதான் வருகிறது. அங்கேயே கையெழுத்துப் போடச் சொன்னால், “கடிதம் கிடைத்தது என்று மட்டும் எழுதித் தருகிறேன், நிபந்தனைகளைப் படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். வேறு எதுவும் பேச வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து தொகையைப் பிரித்துப் பாருங்கள். இழப்பீடு எவ்வளவு, அறிவிப்புக் காலச் சம்பளம் எவ்வளவு, எடுக்காத விடுப்புக்கு எவ்வளவு, போனஸ் உண்டா? வேலை இழப்புக்கான இழப்பீட்டுக்கு வருமான வரி இல்லை. அறிவிப்புக் காலச் சம்பளத்துக்கும் விடுப்புப் பணத்துக்கும் சேவைக்கான வெகுமானத்துக்கும் வரி உண்டு. அதனால் எல்லாவற்றையும் ஒரே வரியில் ‘கருணைத் தொகை’ என்று போட்டிருந்தால் பிரித்து எழுதித் தரக் கேளுங்கள்.

தகராறு வந்தால் போகும் இடம் டிஏடிஎம் என்னும் முத்தரப்பு அமைப்பு. காலக்கெடுவை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தவறான பணிநீக்கம் என்றால் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதம், சம்பளப் பாக்கி என்றால் ஆறு மாதம். மிரட்டி வாங்கிய ராஜினாமாவையும் பணிநீக்கமாக வாதிடலாம், ஆனால் கட்டாயப்படுத்தியதை நீங்கள்தான் காட்ட வேண்டும். மேலே சொன்ன மின்னஞ்சல்கள் அப்போது உதவும். சங்க உறுப்பினராக இல்லாவிட்டால் இப்போதே சேருங்கள். தொலைத்தொடர்பு ஊழியர்களுக்குத் தனிச் சங்கமே இருக்கிறது, நிர்வாகி நிலையில் இருப்பவர்களும் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசான என்டியுசியின் சங்கங்களில் சேரலாம். ஆட்குறைப்பு அறிவித்த மறுநாள் சேரப் போனால் சங்கம் என்ன செய்ய முடியும்?

“இந்த வயதில் யார் தருவார்கள்” என்கிறீர்கள். வயதைவிட உங்கள் சுயவிவரத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை. தொலைத்தொடர்பில் நெடுநாள் இருந்தவர்கள் எழுதும் வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘டிரான்ஸ்மிஷன் நெட்வொர்க் பராமரிப்பு, இன்ன உற்பத்தியாளரின் என்எம்எஸ் கையாளுதல், 19 ஆண்டு அனுபவம்.’ டேட்டா சென்டரில் ஆள் எடுப்பவருக்கு இதில் ஒன்றும் புரியாது. அதையே இப்படி எழுதலாம்: ‘இத்தனை நோட் கொண்ட டிடபிள்யூடிஎம் கட்டமைப்புக்குப் பொறுப்பு. நள்ளிரவு 1 முதல் 5 மணிக்குள், சேவை நிற்காமல், ஆண்டுக்கு இத்தனை கட்ஓவர் மாற்றம். ஃபைபர் அறுந்தால் ஓடிடிஆர் அளவீட்டை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து இத்தனை மணிக்குள் மீட்பு.’ எண்களை நீங்கள் நிரப்புங்கள், உண்மையான எண்களை. நீங்கள் ‘சேஞ்ச் ரிக்வெஸ்ட்’ என்று சொல்வதற்கு டேட்டா சென்டரில் ‘எம்ஓபி’ என்று பெயர். ஒவ்வொரு படிக்கும் பின்வாங்கும் வழியோடு எழுதிய செயல்முறைத் தாள்தான் அது. ஆண்டுக்கணக்கில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

நேர்முகத்தில் 40 கிலோமீட்டர் இணைப்புக்கு ஒளி இழப்பு என்ன என்று கேட்டால் உங்களுக்குப் பேனாகூட வேண்டாம். 1550 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.25 டெசிபெல் வைத்து 10, நான்கு கனெக்டருக்கு 0.5 வீதம் 2, பத்து இணைப்பு ஒட்டுக்கு 0.1 வீதம் 1, கையிருப்பு 3, ஆக 16 டெசிபெல். கிளவுட் மட்டும் படித்த 28 வயதுக்காரர் இங்கே தடுமாறுவார். நீங்கள் தடுமாறும் இடம் அடுத்த கேள்வி: அந்த இணைப்பின் மேல் ரவுட்டிங், அதாவது தரவுக்கு வழிகாட்டும் வேலை, எப்படி ஓடுகிறது? முன்பு சிக்னலை டிடபிள்யூடிஎம் ஒளியாக மாற்ற டிரான்ஸ்பாண்டர் என்று தனிப் பெட்டி இருந்தது, அதை டிரான்ஸ்மிஷன் ஆட்கள் பார்த்தார்கள். இப்போது 400இசட்ஆர் என்னும் விரலளவு ஒளித்தொகுதியை நேரே ரவுட்டரிலேயே செருகிவிடுகிறார்கள். அது 80 முதல் 120 கிலோமீட்டர் வரை போகும். கிழக்கிலிருந்து மேற்கே 50 கிலோமீட்டர் உள்ள இந்தத் தீவில் எந்த இரண்டு டேட்டா சென்டருக்கும் அது போதும். ஒளியும் ஐபியும் ஒருவர் கைக்கே வந்துவிட்டன. உங்கள் கையில் பாதி இருக்கிறது, மீதிப் பாதியைத்தான் படிக்க வேண்டும்.

அதனால் செயற்கை நுண்ணறிவு, பிளாக்செயின் என்று வரும் விளம்பரங்களை விட்டுத்தள்ளுங்கள். சிஸ்கோவின் சிசிஎன்ஏ நெட்வொர்க் தேர்வு முதலில். மூன்று ஆண்டு செல்லுபடியாகும் சான்றிதழ் அது. வேலையோடு படித்தால் நான்கைந்து மாதம் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே பிஜிபி, ஐஎஸ்-ஐஎஸ் என்னும் ரவுட்டிங் நெறிமுறைகளும். 16 ஜிபி நினைவகம் உள்ள பழைய லேப்டாப்பில் ஜிஎன்எஸ்3 என்னும் நெட்வொர்க் பாவனை மென்பொருள் இலவசமாக ஓடும், பயிற்சிக்கூடம் அதுவே. பிறகு கொஞ்சம் பைத்தான். ரவுட்டர்களிலிருந்து ஒளி அளவைப் படித்து, நேற்றைவிட 2 டெசிபெல் குறைந்த இணைப்புகளை மட்டும் காட்டும் ஒரு சிறு நிரல் எழுதிப் பாருங்கள். வீட்டில், சோதனைத் தரவை வைத்து, கம்பெனித் தரவைத் தொடாமல். நேர்முகத்தில் காட்ட ஐந்து சான்றிதழைவிட அது உதவும். டேட்டா சென்டரின் மின்சாரம், குளிரூட்டல் பக்கம் புரிய சிடிசிபி என்ற இரண்டு நாள் பயிற்சி போதும்.

செலவுக்கு, 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு அரசாங்கம் 2024 மே மாதம் போட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகை இன்னும் உங்கள் கணக்கில் இருக்கலாம். அதைத் தேர்ந்தெடுத்த பயிற்சிகளுக்கு மட்டுமே பயன்படுத்த முடியும், பணம் கட்டுமுன் பட்டியலைப் பாருங்கள். வேலை போய், முழுநேரப் பயிற்சியில் சேர நேர்ந்தால், சராசரி வருமானத்தில் பாதியை மாதப் பயிற்சிப் படியாகக் கொடுக்கும் திட்டமும் 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு உண்டு. உச்சவரம்பு 3,000 வெள்ளி, வாழ்நாளில் 24 மாதம் வரை. உங்கள் சம்பளத்துக்கு அந்த 3,000 முழுமையாகவே வரும். ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை கொடுக்கும் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் சராசரியாக 5,000 வெள்ளிக்குள் சம்பாதித்தவர்களுக்கு, அதுவும் தாமாக விலகாதவர்களுக்கு. உங்களுக்குப் பொருந்தாது. குழுவில் குறைந்த சம்பளக்காரர் யாராவது கோபத்தில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போகப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள்.

தேட வேண்டிய இடங்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். இங்கே 70க்கும் மேற்பட்ட டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. 2024இல் வெளியான பசுமை டேட்டா சென்டர் திட்டம் குறைந்தது 300 மெகாவாட் கூடுதல் கொள்ளளவுக்கு வழி விட்டிருக்கிறது. கடலடிக் கேபிள்கள் கரையேறும் எண்ணிக்கையைப் பத்தாண்டில் இரட்டிப்பாக்குவது 2023ஆம் ஆண்டின் அறிவிப்பு. இவற்றைவிடப் பலர் கவனிக்காதது மின்கட்டமைப்பு, ரயில், துறைமுகம், மருத்துவமனை. இவர்களெல்லாம் சொந்தமாக ஒளியிழை நெட்வொர்க் வைத்திருக்கிறார்கள், பழைய எஸ்டிஹெச்சிலிருந்து ஐபிக்கு மாறும் வேலை இவர்களுக்கும் உண்டு. இரண்டு பக்கமும் தெரிந்தவரை அங்கே தேடுவார்கள். சம்பளம் 400, 500 குறைவாகத் தொடங்கினாலும் ஷிஃப்ட் படி, ஆன்கால் படியைச் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் நிலையத்தில் உள்ள இ2ஐ வேலைவாய்ப்பு மையத்தில் வேலை ஆலோசகரைப் பார்க்கலாம். சுயவிவரத்தை மேலே சொன்னபடி திருத்திய பிறகு போங்கள், முன்பு போனால் பொதுவான அறிவுரைதான் கிடைக்கும்.

தூக்கம் போனதை லேசாக எடுக்காதீர்கள். பிரான்ஸ் டெலிகாம் 2006இலிருந்து 22,000 பேரை வெளியேற்றத் திட்டமிட்டு, இடமாற்றம், பதவிக் குறைப்பு என்று நெருக்கியதில் பல ஊழியர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் முன்னாள் தலைமை அதிகாரி உள்பட மேலதிகாரிகளைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. தேய்கிற நிறுவனத்துக்குள் இருப்பது உடம்பையும் மனசையும் தின்னும் என்பது அங்கே வழக்காகவே பதிவாகிவிட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை என்றால் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ சொல்லுங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி எண் 1771, எஸ்ஓஎஸ் 1767. இரண்டும் 24 மணி நேரமும் இருக்கும்.

மனைவியிடம் இந்த வார இறுதியிலேயே சொல்லிவிடுங்கள். ‘வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது’ என்று தொடங்கினால் அவருக்கும் அன்றிரவு தூக்கம் போகும். சாதாரணக் கணக்கு இருப்பு, மாதத் தவணை, ரொக்கம், காப்புறுதி, ஒப்பந்தத்தில் எழுதியுள்ள இழப்பீடு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி முன்னால் வையுங்கள். எத்தனை மாதம் தாங்கும் என்பது தெரிந்துவிட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். பிள்ளைகளின் டியூஷனைக் குறைப்பதா, காரை விடுவதா என்பதை அவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

எஸ் பாஸ் தம்பிக்கு நேரம்தான் பிரச்சினை. வேலை முடிந்து பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள் குறுகிய கால வருகை அனுமதி கிடைக்கும், அவ்வளவுதான். ஆகவே அவர் உங்களுக்கு முன்பே தேடத் தொடங்க வேண்டும். புதிய முதலாளி விண்ணப்பிக்கப் பழைய முதலாளியின் சம்மதம் தேவையில்லை, ஆனால் புதிய இடத்தில் எஸ் பாஸ் ஒதுக்கீடு மீதம் இருக்க வேண்டும். நேர்முகத்திலேயே அதைக் கேட்டுவிடச் சொல்லுங்கள். வெளிநாட்டு ஊழியர் விலகும்போது வரிக் கணக்கு தீரும்வரை முதலாளி கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைப்பார். அது சட்டப்படியான நடைமுறை, ஏமாற்று இல்லை. ஆனால் விமானச் சீட்டுக்கும் வாடகைக்கும் அந்தப் பணத்தை நம்பியிருந்தால் தவித்துப்போவார், இரண்டு மாதச் செலவைத் தனியாக ஒதுக்கி வைக்கட்டும். வேலை நியமனச் சட்டமும் டிஏடிஎம் காலக்கெடுவும் அவருக்கும் உங்களைப் போலவேதான். ஒரு வேறுபாடு, ஊருக்குத் திரும்பிவிட்டால் அந்த ஒரு மாதம் சட்டென்று ஓடிவிடும். முறையீடு இருந்தால் கிளம்புமுன் இங்கிருந்தே பதிவு செய்துவிட வேண்டும்.